அட்டைப்படத்தில் இருந்த வீடு

இன்று தவளக்குப்பத்தில் பஸ் ஏறியதும், கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக நாங்கள் செய்யும் பாட்டு ஆல்பத்தின் அட்டைப்படத்தை போனில் திருத்திக்கொண்டிருந்தேன். மடுகரையில் எடுத்த படம். பூட்டிய நீலக் கதவு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது எங்க வூடாச்சே! யாரக் கேட்டு எடுத்தே?"

நாளைக்குப் படத்தை ஒப்படைக்க வேண்டும்.

"மன்னிச்சிடுங்கக்கா. எங்க பாட்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம். வேணாம்னா அழிச்சிடறேன்."

"இன்னா பாட்டு அது? போடு, கேப்போம்."

ஊரைவிட்டே போய்விட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிய பாட்டு. இயர்போனைக் கொடுத்தேன். முழுதாகக் கேட்டார்.

"ஏம்மா, நாங்க எங்க போய்ட்டோம்? அன்னிக்கு நாத்து நடப் போயிருப்போம். படம் இருக்கட்டும். பாட்டுக்கு வீடியோவும் எடுப்பீங்கல்ல? அதுக்கு ஞாயித்துக்கெழம வா, எல்லாரும் வூட்லதான் இருப்போம்."

கட்டாயம் போவேன். ஆனால் யாருமே இல்லாத வீட்டைப் பற்றிய பாட்டுக்கு, ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு நிற்கும் வீடியோவை எப்படி எடுப்பது? யோசனை இருந்தால் சொல்லுங்களேன்.