எதிர்வீட்டுக்காரர் பெயருக்கு ஓர் அர்ச்சனை

புதுச் சட்டம் வந்த பிறகு கொலைக்கு எண் நூற்று மூன்று என்கிறார்கள். கொலை முயற்சி நூற்று ஒன்பதாம். என் மண்டையில் இவை இன்னும் ஏறவில்லை. பழைய முந்நூற்று இரண்டும் முந்நூற்று ஏழும் எனக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடமாகியிருந்தன. அந்தப் பெருமை என் தாய்மாமாவைச் சேரும்.

மாமா பட்டு நெய்பவர். ஆரணியில் அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். விடிந்ததும் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது தறிக்குப் போகும் நீளவாட்டு இழைகளை, இழுத்துக் கட்டி, நடுநடுவே கம்புகளை முட்டுக்கொடுத்து, இழைகளைப் பிரித்துச் சரிபார்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும். அதுவரை தெருவில் வண்டி வராது, அவசரமுள்ளவர்கள் குனிந்து போவார்கள். கலெக்டரே வந்தாலும் குனிந்துதான் போகவேண்டும் என்பார் மாமா. கலெக்டருக்கு எங்கள் தெருவில் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

எதிர்வீட்டுக்காரரும் நெசவுக்காரர்தான், இதெல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் அன்று அவர் வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மொபெட்டைச் சாய்த்துப் பாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனார். கைப்பிடி இழைகளில் மாட்டிக்கொண்டது. அவர் வெடுக்கென்று இழுக்க, ஒரு முழ அகலத்துக்குப் பட்டு அறுந்து தொங்கியது. மாமா முட்டுக்கொடுத்திருந்த கம்பை உருவி ஓங்கி ஓர் அடி அடித்தார். அது காதுக்கு மேலே விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் அதற்குமுன் சாக்கடைத் தகராறு தவிர வேறு பகை கிடையாது.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். அவருக்கு நினைவு திரும்பவில்லை. மாமாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, நடுத்தெருவில் நின்று எதிர்வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். பாவை அறுத்தவன் விளங்கமாட்டான், எழுந்து வரமாட்டான் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சாபமிட்டாள்.

மறுநாள் அம்மாவும் அத்தையும் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். வக்கீல் நீட்டி முழக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"அந்த ஆளு பொழைச்சிகினா முந்நூத்தி ஏழு. போயிட்டா முந்நூத்தி ரெண்டு. நீங்க இன்னா பண்ணுவீங்களோ, உயிர் இருந்தா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

திரும்பி வரும்போது அத்தை, தூற்றிய சாபத்தை வாபஸ் வாங்க ஏதாவது வழி உண்டா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மன் கோயிலில் எதிர்வீட்டுக்காரர் பெயருக்கு அர்ச்சனை செய்யலாம் என்று அம்மா சொன்னாள். ஆனால் அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். சாபத்துக்கு அது தேவைப்பட்டிருக்கவில்லை.

அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். அவளிடம் நைசாகக் கேட்டு வா என்று அத்தை என்னை அனுப்பினாள். எனக்கு நைசாகக் கேட்கத் தெரியாது. எங்கள் அத்தை உன் அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளப் போகிறாள், நட்சத்திரம் சொல் என்று நேராகவே கேட்டேன். அவள் ரோகிணி என்றாள். தன்னிடமிருந்த நெல்லிக்காயில் பாதியைக் கடித்துக் கொடுத்தாள்.

பெயரைக் கேட்டதும் பூசாரி தட்டோடு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை கண்ணைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு, ஈரப்புடவையோடு பிரகாரம் சுற்றல், வெள்ளிக்கிழமை மாவிளக்கு. வேலூரிலிருந்து யார் வந்தாலும் வழிமறித்து, கண் திறந்தாரா, கஞ்சி இறங்கியதா என்று விசாரிப்பாள். ஜெயிலில் இருந்த மாமா சாப்பிட்டாரா என்றுகூட அவள் அவ்வளவு கேட்டதில்லை. 'அவன்' என்றவள் 'அவர்' என்று பேச ஆரம்பித்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு நல்ல மனசு ஆரணியிலேயே வேறு யாருக்கும் இல்லை என்று நம்பினேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன செய்தி வந்ததும் அத்தை தேங்காய் உடைத்தாள், வயிறாரச் சாப்பிட்டாள். மாமா ஜாமீனில் வந்தார். மற்றதை வக்கீல் சொன்னபடியே பார்த்துக்கொண்டார், அது தனிக்கதை. கோயிலுக்குப் போவது மட்டும் நின்றுபோனது.

எதிர்வீட்டுக்காரர் வீடு திரும்பியபோது இடது கை விழுந்துவிட்டிருந்தது. ஒருநாள் தறியில் உட்கார்ந்து பார்த்தாராம். விரல்கள் எதையும் பிடிக்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவர் மகள் என்னிடம் கேட்டாள்.

"உங்க அத்த இன்னும் வேண்டிகினு கீறாங்களா? கைக்கும் சேத்து வேண்டிக்கச் சொல்றியா?"

நான் ஓட்டமாக வந்து சொன்னேன். அத்தை ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"உயிரத்தான கேட்டோம், அம்மன் குடுத்துட்டா. கையப் பத்தி வக்கீல் ஒன்னும் சொல்லல."

அத்தை சொன்னதை ஒரு சொல் விடாமல் மறுநாள் அவளிடம் ஒப்பித்தேன். வக்கீல் சொல்லவில்லை என்றால் கை தானாகவே சரியாகிவிடும் என்றுதான் எனக்கு அர்த்தமாகியிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப அது எங்கப்பாவுக்கு இல்லியா?"

உன் அப்பா பெயருக்குத்தான், நட்சத்திரம்கூட நீதானே சொன்னாய் என்று நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவள் ஏன் இன்னும் அதிகமாக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.