பெர்சி டீச்சரின் வலது கை

என்னோடு வேலை பார்க்கும் பெர்சிக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால், அவள் மட்டும் சன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவாள். "உக்காருடி, தலை சுத்துது" என்று நான் கத்தாத நாளில்லை. அவள் கணவர் ஞானமுத்து சாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு, அந்த நடை இன்னும் கூடிவிட்டது.

கே.கே. நகர் வீட்டு வாசலில் அவருடைய கார் சும்மா நின்றது. பிசியோதெரபி பயிற்சிக்குக் கூட்டிப்போக ஆட்டோவில் ஏற்றினால் சாருக்குக் கால் மடங்கவில்லை. வாடகைக் கார்க்காரர்களோ, "சீக்கிரம், சீக்கிரம்" என்று உயிரை எடுத்தார்கள். ஒருநாள் சார், "இனிமே நான் எங்கயும் வரலை" என்று சொல்லிவிட்டார். பயிற்சியை விட்டால் கை கால் இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த வாரமே பெர்சி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு எதிரே நின்று "வலது கையைத் தூக்கு" என்கிறவள், தன் இடது கையைத்தான் தூக்க வேண்டும். அப்போதுதான் பார்த்துச் செய்கிற பிள்ளைகளுக்குச் சரியாக வரும். வருசக்கணக்கில் தூக்கித் தூக்கி, அவசரத்தில் அவளுக்கு எல்லாமே மாறித்தான் வரும். கற்றுக்கொடுக்கும் காசிமாயன் "லெஃப்ட்" என்றால் வண்டி வலப்பக்கம் போகும்.

"டீச்சர், காருக்கு எதுக்க நின்னு யோசிக்காதீக. சீட்ல உக்காந்து பாருங்க. உங்க இடது கைப் பக்கம்தான் வண்டிக்கும் இடது. இம்புட்டுத்தான்!"

"புரியுதுண்ணே."

புரிந்து என்ன செய்ய? டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். பெர்சி கம்பீரமாக வலப்பக்கம் திரும்பினாள். ஃபெயில். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது டெஸ்டுக்கு முந்தின சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கும் காருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சார் கம்பை ஊன்றி வந்து, "காரைத் திற" என்றார். முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், நாங்கள் இருவரும் அவரை மெல்ல உட்கார வைத்தோம். பெர்சி இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பினாள். நான் வெளியே நின்றேன்.

"லெஃப்ட்டு ரைட்டையெல்லாம் மறந்துரு. உன் பக்கம், என் பக்கம், அவ்வளவுதான். உன் பக்கம்!"

வலது இண்டிகேட்டர் எரிந்தது.

நோய் வந்த நாளிலிருந்து சார் தன் இடது கையை 'அது' என்றுதான் சொல்வார். "அதை எடுத்து மடியில வை" என்பார். இப்போது வலது கையால் அந்தக் கையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்தார்.

"என் பக்கம்" என்றார்.

பெர்சி இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் "லெஃப்ட்" என்றதும் சட்டென்று திருப்பாமல், அவர் உட்கார்ந்திருந்த சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திருப்பினாளாம். பாஸ்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். பெர்சி காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தாள்.

"பயிற்சிக்குக் கிளம்புங்க. உங்க பக்கம் தொறந்துதான் இருக்கு."

"வாரேன், இரு" என்றார் சார். அவர் செருப்பை ஒவ்வொன்றாக மாட்டி முடிக்கிற வரைக்கும் பெர்சி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.