எரியல என்று எழுதிய தாள்

என் மேசை இழுப்பறையில், பழைய டைரிகளுக்கு மேலே, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன. கறுப்பு ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியவை. முன்பக்கம் எல்லாக் காலண்டர் தாள்களிலும் இருப்பதுதான்: பெரிய எழுத்தில் தேதி, கிழமை, நல்ல நேரம், ராகு காலம், பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல்லாகப் பலன். பின்பக்கத்தில் நீல மையில் குண்டு குண்டான எழுத்து. மேலிருந்து இரண்டாவது தாள் ஒரு மாசி மாத வியாழக்கிழமை. மகர ராசிக்கு அன்று ‘அலைச்சல்’. திருப்பினால் இவ்வளவுதான்: “ஓட்ஸ் மாவு, தண்ணி. இடது காது பின்னாடி. எரியல.” எழுதியவர் என் மதினி. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதிவருகிறவள் நான். கிழமை பிசகாது, மணி பிசகாது. ஆனாலும் இந்தத் தாளின் பக்கத்தில் வைத்தால் என் டைரிகள் தலைகுனிய வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மதினி என்றால் அண்ணன் மனைவி. என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவர். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்தபின், மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் திருமங்கலத்தில் ஒரு பட்டறையில் மெக்கானிக். நான் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர்; அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். காலையில் நானும் மதினியும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ‘டைரி’ என்பார். ஒரு கல்யாணக் கூட்டம் கடைக்குள் நுழைந்ததுமே யார் மணப்பெண், யார் பெண்ணின் தாய், யார் எதைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லவே வந்தவர் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். சேலையை விசிறி விரித்து, முந்தியைப் பெண்ணின் தோளில் போட்டு, ஓர் அடி தள்ளி நின்று பார்ப்பார். “அந்த ஒரு நிமிசம் அம்புட்டுப் பேரும் வாயப் பொத்திக்கிட்டு என் கையவே பாப்பாக டைரி” என்று பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் நாள் முழுக்க நின்றார்.

அவர் முகத்துக்கு இரண்டு குணம். பகல் பதினொரு மணிக்கெல்லாம் மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் கோத்துக்கொள்ளும். எண்ணெய்தானே என்று எதையாவது பூசித் துடைத்தால் கன்னம் சிவந்து திட்டுத் திட்டாகத் தடிக்கும். எண்ணெய்ப்பசைக்கு ஊர் சொல்லும் மருந்தெல்லாம் உலர்த்துகிற மருந்து. அவர் தோலோ உலர்த்தினால் கோபித்துக்கொள்ளும் தோல். எண்ணெய் வடிகிற முகம் முரட்டு முகம், எதையும் தாங்கும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பருவின் மேல் பற்பசை வைக்கச் சொன்னார். அண்ணன், பட்டறையில் கை கழுவும் சோப்பையே ஒரு நாள் கொண்டுவந்து நீட்டினான்: “கிரீஸே போயிருது. ஒன் மூஞ்சி எண்ணெ போகாதா?” யார் எதைச் சொன்னாலும் கடைசியில் அதே வாக்கியத்தில் வந்து நிற்பார்கள். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

அந்த வாக்கியத்தை நானும் சொன்னேன். தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஏதோ ஒரு வார இதழின் இணைப்பில் படித்திருந்தேன்: எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, கஸ்தூரி மஞ்சள். படித்ததைச் செய்து பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. நானே குழைத்து, என் கையாலேயே அவர் முகத்தில் பூசினேன். மூன்றாவது நிமிடம் “எரியுது டைரி” என்றார். “பொறுங்க மதினி, எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றேன். ஏழாவது நிமிடம் மறுபடி சொன்னார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இதழில் போட்டிருந்தது இருபது நிமிடம். இருபதும் முடிந்த பிறகே கழுவ விட்டேன். ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்டால், நாத்தனார் ஆசையாகச் செய்கிறாளே என்று உட்கார்ந்திருந்தார், வேறொன்றும் இல்லை. முகதாட்சண்யம் என்ற சொல்லை எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. என் முகத்துக்காக அவர் தன் முகத்தைக் கொடுத்தார்.

அந்த நாளின் டைரிப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கிழமை சரி, நேரம் சரி. எலுமிச்சை அரை மூடி, சோடா ஒரு சிட்டிகை, எல்லா அளவும் சரி. ‘இருபது நிமிடம்’ என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். அவர் இரண்டு முறை எரியுது என்று சொன்னது மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

மறுநாள் அவருடைய இரண்டு கன்னமும் வெந்தது போலச் சிவந்திருந்தன. கடையின் தளக் கண்காணிப்பாளர், எல்லோரும் சூப்பர்வைசர் என்று கூப்பிடுகிறவர், பார்த்ததும் சொல்லிவிட்டார்: “இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முகூர்த்தப் பட்டு காட்டுனா கஸ்டமர் ஓடிப் போயிருவாங்கம்மா. சரியாகுற வரைக்கும் குடோன்ல இரு.” குடோன் என்பது நான்காவது மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு ஹால். பண்டல் பிரித்து விலைச்சீட்டு குத்துகிற வேலை. அங்கே சேலையை விரித்துக் காட்ட ஓர் ஆள் கிடையாது. கீழே இறங்க ஒரு வழியையும் அவரே சொன்னார். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் கவுன்ட்டர் பெண்களைக் கடையே ஒரு பார்லருக்கு அனுப்பும். ப்ளீச் செய்து, முகத்தில் பூசிக் காய்ந்ததும் உரித்தெடுக்கிற பேக் ஒன்று போட்டு விடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு வந்தால் மறுநாளே கவுன்ட்டர். மற்ற பெண்கள் போட்டுக்கொண்டார்கள். சிவந்த இடத்தில் பவுடர் அடித்து நின்றார்கள். மதினி போகவில்லை. “எல்லாப் பிள்ளைகளும் போட்டுக்கிருச்சு, ஒனக்கு மட்டும் என்ன?” என்று சூப்பர்வைசர் கேட்டாராம். “எனக்கு மட்டும் எரியும் சார்” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிவிட்டார்.

குடோனுக்கு ஏறிய முதல் நாள் மாலையே பஸ்ஸில் நான் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “ஒனக்கு எரியல, அதான் ஒனக்குத் தெரியல. விடு” என்றார். விளாங்குடியில் இறங்கி நடக்கும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். “ஆனா ஒண்ணு. இனிமே என் மூஞ்சில எது பூசுனாலும் எரியுதா இல்லையான்னு நாந்தான் சொல்லுவேன். கடிகாரம் சொல்லக் கூடாது.”

மூன்று வாரம் எதையும் பூசவில்லை. வெறும் தண்ணீர்தான். தடிப்பு அடங்காவிட்டால் தோல் டாக்டரிடம் போவதென்று வைத்திருந்தார், அடங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு நேரத்தில் ஒரே பொருள். சுண்டுவிரல் நுனியளவு காதுக்குப் பின்னால் தடவி, மறுநாள் மாலை வரை பொறுத்துப் பார்த்து, அடுக்களைக் கதவில் தொங்கிய காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துப் பின்னால் எழுதுவார். நான் பெருந்தன்மையோடு ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. “நோட்டுல எழுதுனா நீ திருத்துவ. தேதிதான் இதுல அவுகளே அடிச்சுக் குடுத்துட்டாகளே. எரியுதா எரியலையான்னு மட்டும் எழுதுனாப் போதும்.”

அப்படி எழுதியவைதான் இந்தத் தாள்கள். “பன்னீர். வாசம் தூக்கல். அரிக்கிது.” “கத்தாழை. மஞ்சத் தண்ணி வடிய விடாம போட்டுட்டேன். அரிச்சிச்சு. தப்பு என்னுது.” “கூட வேலை பாக்குற பிள்ளை குடுத்த உரிக்கிற பேக். காதுக்கே வேணாம்.” “முல்தானி மட்டி. எரியல. காஞ்சதும் இழுக்குது.” மட்டியைப் பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயவிட வேண்டும், அதுதான் முறை என்று நான் படித்ததைச் சொன்னேன். “வெத்தலைய ஈரத்துணியில சுத்தித்தான் சந்தைக்குக் கொண்டு போவோம். காய விட்டா ஓரம் கருகிரும். ஒரு இலைக்கே இம்புட்டு மருவாதின்னா மூஞ்சிக்கு எம்புட்டு?” என்று கேட்டுவிட்டு, பூச்சு ஈரமாக இருக்கும்போதே கழுவினார்.

ஓட்ஸ் வந்தது அண்ணனால். சர்க்கரை இருக்கிறதென்று டாக்டர் சொன்னதால் வாங்கி வைத்த ஓட்ஸை அவன் தொடவே இல்லை. மதினி அதை மிக்சியில் மாவாக அரைத்துச் சலித்துக் கிண்ணத்தில் குழைப்பதைப் பார்த்துவிட்டு, “நான் வாயில வைக்க மாட்டேங்குறத நீ மூஞ்சில வைக்கிறியா?” என்றான். “நீங்க தின்னுருந்தா எனக்கு மிஞ்சியிருக்குமா? நல்லாயிருங்க” என்றார் மதினி. இரண்டு கரண்டி ஓட்ஸ் மாவு, ஒரு சிட்டிகை மட்டி, தண்ணீர். எலுமிச்சை கிடையாது, சோடா கிடையாது, வாசனை கிடையாது, சொரசொரப்பாக எதுவும் கிடையாது. எட்டு நிமிடம் போல வைத்து, தேய்க்காமல் கழுவி, துண்டால் ஒற்றி எடுப்பார். வாரத்தில் ஞாயிறு மட்டும். அந்த எட்டு நிமிடமும் என் கணக்குதான். அவர் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. இழுக்கிற மாதிரி இருந்தால் எழுந்து போய்விடுவார்.

பங்குனியில் சிவப்பு போய்விட்டது. பழைய பருக்களின் தழும்பு இருந்தது. எண்ணெயும் பதினொரு மணிக்குத் தவறாமல் வந்தது. சூப்பர்வைசரிடம் போய் நின்றார். “இன்னும் எண்ணெ வடியுதேம்மா. ஒரு தடவ பார்லர் போயிட்டு வந்துரு, நாளைக்கே கவுன்ட்டர்” என்றார் அவர். “எண்ணெ வடியிறதுதான் சார் என் மூஞ்சி. அது வடியும். எரிய வைக்க மாட்டேன்.” மறுபடி நான்காவது மாடி. வீட்டில் நான்தான் சண்டை போட்டேன். சித்திரை முகூர்த்தத்துக்குள் கவுன்ட்டர் கிடைக்காவிட்டால் வேறு ஆள் வந்துவிடும், பிறகு ஆயுளுக்கும் குடோன்தான், ஒரே ஒரு ப்ளீச்தானே என்றேன். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “அந்த இருபது நிமிசம் பத்தலையா ஒனக்கு?” கழுவிய தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினேன்.

பங்குனியின் கடைசிச் சனிக்கிழமை. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரே மாதிரிச் சேலை பார்க்க இரண்டு டீச்சர்களோடு அதே கடைக்குப் போயிருந்தேன். பட்டுப் பிரிவில் மூன்று கல்யாணக் கூட்டம் ஒன்றாக வந்து நின்றது. கவுன்ட்டரில் ஆள் போதவில்லை. ஒரு மணப்பெண்ணின் அம்மா, காட்டிய சேலையெல்லாம் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். சூப்பர்வைசர் படிக்கட்டின் கீழே நின்று, “பட்டுக்கு வாம்மா, சீக்கிரம்” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். மதினி இறங்கி வந்தார். கடைசிப் படிக்கு முந்தைய படியில் நின்றுவிட்டார்.

“அதே மூஞ்சிதான் சார். பரவாயில்லையா?”

“கூட்டம் நிக்குதும்மா.”

“பரவாயில்லன்னு சொல்லுங்க, வாரேன்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. “என்னய்யா ஒங்க பஞ்சாயத்து? சேலை காட்ட மூஞ்சியா வேணும்? கைதான வேணும். நீ வாம்மா.” சூப்பர்வைசர் தரையைப் பார்த்து, “பரவாயில்லம்மா” என்றார். மதினி அசையவில்லை. “இனிமேலும்?” அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். “இனிமேலுந்தான். வாம்மா, தாயே.” மதினி கடைசிப் படியை இறங்கினார். மாம்பழ நிறச் சேலை ஒன்றை உதறி விரித்து, முந்தியைப் பெண்ணின் தோளில் போட்டு, ஓர் அடி தள்ளி நின்றார். ட்யூப் லைட் வெளிச்சம் அவர் மூக்கில் பளபளத்தது. துடைக்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: பதினொன்று இருபது. அம்மாளும் பெண்ணும் சுற்றி நின்ற அத்தனை பேரும் வாய் மூடி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் சொந்தப் பட்டறை போட்டபோது அவர்கள் திருமங்கலத்துக்குக் குடிபோனார்கள். காலண்டர் தாள்களை மதினி குப்பையில் போட்டார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது அங்கே ஒரு கடையில் பட்டுப் பிரிவுக்கே அவர்தான் பொறுப்பு. முகம் அதேதான்.

எனக்கும் வயது ஐம்பதைத் தொட்டதும் தோல் மாறிவிட்டது. எண்ணெய் வடிகிறது, எதைத் தொட்டாலும் சிவக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மாலை, மதுரையில் புதிதாகத் திறந்த ஓர் அழகுப்பொருள் கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் ஒரு பேக்கை என் புறங்கையில் தடவினாள். “லைட்டா எரியும் மேம். எரிஞ்சாத்தான் ஒர்க் ஆகுதுன்னு அர்த்தம். இருபது நிமிசம் இருக்கணும்.” இரண்டாவது நிமிடம் தண்ணீர் கேட்டேன். “இன்னும் டைம் இருக்கு மேம்” என்றாள். “எரியுதும்மா. டைம் முடிஞ்சிருச்சு” என்றேன். அவள் கன்னத்திலும் பவுடருக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. உனக்கு எரியலையா என்று கேட்டேன். கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பழகிருச்சு மேம்” என்றாள். காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன். பழக வேண்டாம் என்றும் சொன்னேன், கல்லாவில் இருந்தவருக்குக் கேட்கும்படியாகவே.

பழைய டைரிப் பக்கங்களில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்துவதில்லை என்பது என் விதி. அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமையைத் தேடி எடுத்து, அடிக்கோட்டுக்குக் கீழே எழுதினேன்: ‘மூன்றாம் நிமிடம் எரியுது என்றார். ஏழாம் நிமிடமும் சொன்னார்.’ பிறகு அடுக்களைக்குப் போய் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பினேன். தேதி முன்பக்கமே இருந்தது. “கடைப் பேக். புறங்கை. எரியுது. கழுவிட்டேன்” என்று மட்டும் எழுதி, மதினியின் தாளுக்கு மேல் வைத்து ரப்பர் பேண்டு போட்டேன்.