கோப்பாய் நண்டைப் பதிவு செய்யப் போன பயணம்

1986இல் நானும் அக்காவும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து கொழும்புக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு நண்டுப் படத்தைப் பதிவு செய்ய. வியாபாரக் குறி பதியப் போகும் சிலர் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அக்கா மிளகாய்த்தூள் இடித்து, 'கோப்பாய் மிளகாய்த்தூள்' என்ற பெயரும் நண்டும் அச்சிட்ட உறையில் விற்றுவந்தார். திடீரென்று சந்தையில் அதே நண்டோடு வேறொருவரின் தூளும் வந்தது. உள்ளே செங்கல் தூள் கலப்பு. அதில் சமைத்த ஒரு கலியாண வீட்டில் சனம் வயிற்றோட்டத்தில் விழுந்தது. பழி அக்காவின் தலையில்.

"பதியாத குறிக்கும் வழக்குப் போடலாம், ஆனால் கஷ்டம். முதலிலை பதியுங்கோ," என்றார் நாங்கள் ஆலோசனை கேட்கப் போன சட்டத்தரணி.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்கு ஏறினோம். கொழும்புக்கு ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். எங்கள் பையைப் பார்த்ததும் சாரதிக்கு முகம் மாறியது.

"அக்கா, உதுக்குள்ளை என்ன?"

"மிளகாய்த்தூளும் பழைய உறையளும் தம்பி."

"ஆனையிறவு ஆமிச் சோதனையிலை எல்லாத்தையும் கொட்டித்தான் பாப்பாங்கள்."

அதுவரை அக்கா பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பல வருடங்களாக அந்தக் குறியைப் பாவித்ததற்கு அந்த உறைகள்தான் சாட்சி. ஆனையிறவில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பொதியைக் கத்தியால் கிழித்தான். தூள் பறந்தது, தும்மினான். அவன் கோபத்தில் துவக்கை நிமிர்த்தினான், நான் அக்காவைப் பின்னால் இழுத்தேன். பிறகு ஏதோ திட்டிவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினான். உறைகள் தப்பின.

மறுநாள் கொழும்பில் வியாபாரக் குறிப் பதிவு அலுவலகத்தில் ஒரு தமிழ் அலுவலர் இருந்தார். "'கோப்பாய் மிளகாய்த்தூள்' எண்ட பெயரை உங்களுக்கு மட்டும் தரேலாது. கோப்பாயிலை மற்றவையும் தூள் விக்கலாம்தானே?"

அக்காவின் முகம் வாடியது. "அப்ப நண்டு? தூளுக்கு நண்டு என்னத்துக்கெண்டு எல்லாரும் சிரிக்கினம்."

"தூளோடை சம்பந்தமில்லாததாலைதான் அது நல்ல குறி. மிளகாய்ப் படம் எண்டால் ஆருக்கும் சொந்தமில்லை."

இதே குறியை வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று தேடப் போனவர், மதியம்வரை வரவில்லை. அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். வந்தவர், "ஒரு நண்டு இருக்கு," என்றார். அக்கா எழுந்துவிட்டார். "ஆனால் அது உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்துக்கு. சாமான் வகைக்கு ஒரு வகுப்பு, உங்கடை வகுப்பு வேறை, அதாலை பதியலாம்."

விண்ணப்பம் கொடுத்தோம். குறி அரசாங்க அறிவித்தல் ஏடான வர்த்தமானியில் வந்து, எதிர்ப்பு இல்லாவிட்டால்தான் பதிவு. யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காக வராத காலம், அலுவலகக் கடிதத்துக்கு எங்கள் பதில் பிந்தினால் எல்லாம் வீண். அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த நண்பரின் விலாசத்தைக் கொடுத்தோம். மாதக்கணக்கில் பயத்தோடு காத்திருந்த பிறகு, பதிவுச் சான்றிதழ் ஊர் வந்த ஒருவரின் கையில் வந்தது.

பதியப் போகிறவர்கள் பெயரை அச்சடிக்கும் முன்பே தேடிப் பாருங்கள். பொருளையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரை நம்பாதீர்கள். எந்த வகுப்பு என்று கேளுங்கள். பாவித்ததற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டத்தரணியின் கடிதம் போனதும், செங்கல் தூள் கலந்த அந்த ஆள் நண்டை எடுத்துவிட்டு இறால் போட்டான். அக்கா அவனுடைய தூளில் ஒரு பொதி வாங்கிக் கறி வைத்தார். நான் பயந்து பயந்து வாயில் வைத்தேன்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"இருக்கும்," என்றார் அக்கா. "இப்ப தன்ரை குறியெல்லோ, பழியும் தன்ரை தலையிலைதான்."