பின்மூடி இல்லாத கடிகாரம்

எழுபதுகளில் தூத்துக்குடியில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, அப்புறம் நான். வாய் மட்டும் துறைமுகம் அளவுக்கு இருந்தது. கப்பல்காரர்கள் கொண்டுவரும் எந்தக் கடிகாரத்தையும் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லிவிடுவேன் என்று நானே ஊரெல்லாம் பரப்பியிருந்தேன்.

ஒரு நாள் வேம்பாரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை முதல் ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம். மாப்பிள்ளை மணப்பாட்டுக்காரன், கப்பலில் வேலை. அவன் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பழசுதான், ஆனா ஒசத்தியான சாமான்னு மாப்ள சொல்லுதாரு. என்ன வாட்ச்னு பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி.”

அப்படி ஒரு கடிகாரக் கூட்டை நான் கண்டதே இல்லை. ஆமை ஓடு மாதிரி உப்பலாக, ஒரே வார்ப்பாக இருந்தது. திருப்பினால் பின்மூடி இல்லை. திருகு இல்லை, கத்தி நுழைய ஒரு கீறல்கூட இல்லை. திறந்து பார்த்தால்தானே என்ன கடிகாரம் என்று சொல்ல முடியும்? தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத கடிகாரமா என்ற திமிர் வேறு.

“டூப்ளிகேட்டு. உள்ள மட்டமான மிஷினு கெடக்கும். யாரும் பாத்துரக் கூடாதுன்னுதான் தொறக்க முடியாம செஞ்சிருக்கான்.”

நாலு பேரும் சிரித்தார்கள். பெரியவர் கடிகாரத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அதே கடிகாரத்தோடு மாப்பிள்ளையே வந்தான். இரண்டாம் ஓலையை நிறுத்திவிட்டார்களாம். வாட்ச் போலி என்றால் கப்பல் வேலையும் போலியாகத்தான் இருக்கும் என்று பெண்வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“இதுக்குப் பின்மூடியே கெடயாது அண்ணாச்சி. தண்ணி எறங்கக் கூடாதுன்னு முன்பக்கமா தொறக்கிற மாதிரி செஞ்சிருக்கு. கண்ணாடியக் கழத்திப் பாருங்க.”

கழற்றினேன். சாவி கொடுக்கும் திருகை உருவியதும் இயந்திரம் கையில் வந்தது. அசல் சுவிஸ், உள்ளே பதினேழு கல் பதித்த உயர்ந்த ரகம். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“இதையே மாமாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. நானே பஸ்ல கூட்டிட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து விட்டுருதேன்.”

வேலை கிடக்கிறது என்றேன். ரசீதுத் தாளில் ‘அசல் சுவிஸ் கடிகாரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

“நீங்க தப்பாச் சொன்னிய, அது இதுல இல்லையே. நானே காசு குடுத்து எழுதி வாங்கிட்டு வந்தேன்னுதான் சொல்லுவாவ.”

நான் வேறொரு கடிகாரத்தின் மேல் குனிந்துகொண்டேன். அவன் சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வேம்பார் ஒன்றும் வெளிநாடு இல்லை. ஒரு பஸ் ஏறினால் போதும். நான் ஏறவில்லை.

சில மாதம் கழித்து அந்த ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கல்யாணம் நின்றே போய்விட்டதாம்.

“போலி வாட்ச்சக் குடுத்து ஏமாத்தப் பாத்திருக்கான். நீங்கதான கண்டுபிடிச்சிய! ஊரே ஒங்களப் பத்தித்தான் பேசுது, அண்ணாச்சி.”

இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவருடைய கடிகாரத்துக்கு என்ன பழுது என்று கேட்டேன்.