மலையிலிருந்து வந்த இரண்டாவது சர்டிபிகேட்

1. மெமோ

ஸ்காலர்ஷிப் செக்ஷனில் நான் உட்கார்ந்த முதல் நாள், ஹெட் கிளார்க் என்னிடம் ஒரு கட்டு அச்சடித்த மெமோவைக் கொடுத்தார். எழுபதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். அதுவரை நான் டெஸ்பாட்ச்சில் கவர் ஒட்டி ஸ்டாம்ப் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்காலர்ஷிப் என்றால் பிள்ளைகளுக்கு உதவுகிற வேலை என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

மெமோவில் ஆறு வரிகள். வருமானச் சான்று, ஜாதிச் சான்று, மார்க் லிஸ்ட், வருகைச் சான்று என்று வரிசையாக இருக்கும். மாணவர் எதைக் கொண்டு வரவில்லையோ அதற்கு நேரே ஒரு டிக் போட்டு, விண்ணப்பத்தையும் மெமோவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஹெட் கிளார்க் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

“ஜமீலா, ஆறும் இல்லாம ஒரு அப்ளிகேஷனையும் கையில வாங்காதே. வாங்கினா அப்புறம் அது உன் தலையிலயாக்கும்.”

ஜாதிச் சான்று என்ற வரியில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு எனக்கு முன்னால் இருந்தவர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். நானும் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. விதிப் புத்தகம் அலமாரியில் இருந்தது. செக்ஷன் வேலையை யாரும் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்வதில்லை. முந்தினவர் செய்ததைப் பார்த்துச் செய்வோம்.

2. மீனாட்சி

பழங்குடி மாணவர்களுக்கென்று தனி லிஸ்ட் உண்டு. எங்கள் கல்லூரியில் அந்த லிஸ்ட் ஒரு கை விரல்களைத் தாண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூலை மாதம் அந்த லிஸ்டுக்கு ஒரு பெண் வந்தாள். அடிமாலிக்கு அப்பால் மலையில் முதுவர் குடியைச் சேர்ந்தவள். ப்ரீ-டிகிரி முதல் வருடம். பெயர் மீனாட்சி.

ஆபீஸில் ஆணோ பெண்ணோ எல்லோரும் ‘சார்’தான். அவளும் முதலில் என்னை “சாரே” என்றாள். நான் பக்கத்து மேஜையில் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மாறி, “அக்கா தமிழா?” என்றாள். அவர்கள் குடியில் பேசுவதும் தமிழ் மாதிரித்தான். ஹாஸ்டலில் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை; மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

அவள் விண்ணப்பத்தில் ஐந்து இருந்தது. ஜாதிச் சான்று இல்லை. நான் டிக் போட்டேன்.

“அதை அட்மிஷனப்பவே குடுத்திட்டனே அக்கா. இங்கதான், ஒரு சார் வாங்கி வச்சாங்க.”

ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “அது அட்மிஷனுக்குக் குடுத்தது. நம்ம செக்ஷன் வேறயல்லோ. வேறொண்ணு கொண்டாரச் சொல்லு” என்றார்.

அட்மிஷன் செக்ஷன் வேறு கட்டிடத்தில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால், ஒரு பிளைவுட் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மேஜைக்காரருக்கும் எனக்கும் அப்போது பேச்சு இல்லை. இரண்டு செக்ஷனுக்கும் பொதுவாக ஒரே ஒரு மின்விசிறி. அதை அவர் தன் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார் என்று மே மாதத்தில் ஒரு சண்டை. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது. ஆனால் காரணம் அதுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மீனாட்சி மெமோவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். லிஸ்ட் போக மாதக் கடைசிதான் கெடு. லிஸ்டில் பெயர் இல்லாவிட்டால் ஹாஸ்டலில் இடம் போய்விடும், படிப்பும் நின்றுவிடும். அது அவளுக்கும் தெரியும்.

“இப்ப மழைக்காலம் அக்கா. ஜீப் மேல வராது. நடந்துதான் போகணும்.”

“ரெண்டு மூணு நாள்ல வந்துரலாம் மீனாட்சி. அட்டெண்டன்ஸை நான் பாத்துக்கறேன்.”

அட்டெண்டன்ஸைப் பார்த்துக்கொள்ள எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவளை அனுப்பிவைப்பதற்காகச் சொன்னேன்.

3. இன்லண்ட் லெட்டர்

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு இன்லண்ட் வந்தது. மலையாள எழுத்தில், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக எழுதியிருந்தாள். முதல் தடவை போனபோது வில்லேஜ் ஆபீசர் லீவு. இரண்டாவது தடவை, ஒருமுறை கொடுத்த சர்டிபிகேட்டை எதற்கு மறுபடியும் கேட்கிறாய், விற்றுவிட்டாயா என்று தாலுகா ஆபீஸில் ஏசினார்களாம். கல்லூரி எழுதிக் கேட்டால் தருவார்களாம். ‘அக்கா ஒரு கடுதாசி எழுதித் தருமா, தேதி கொஞ்சம் தள்ளிப் போடுமா’ என்று முடித்திருந்தாள்.

ஆபீஸ் பெயருக்கு வராமல் என் பெயருக்கு வந்த கடிதம் அது. அதற்கு எப்படிப் பதில் போடுவது, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஹெட் கிளார்க்கிடம் காட்டலாம் என்று இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன். அந்த வாரம் என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டுக்கும் ஆபீஸுக்குமாக ஓடினேன். பிறகு கடிதத்தை அவளுடைய விண்ணப்பத்தோடு குத்தி வைத்தேன். கடைசி தேதியன்று லிஸ்டை மூடினேன். மீனாட்சியின் பெயருக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் ‘சான்று ஆஜராக்கவில்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஹெட் கிளார்க் எப்போதும் சொல்வார்.

4. அலமாரி

ஆகஸ்டில் வேறொரு மாணவன் டி.சி. வாங்கிப் போக வந்தான். அட்மிஷன் மேஜைக்காரர் அன்று லீவு. அவன் பத்திரங்களை எடுத்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். தட்டியைச் சுற்றிப் போய் அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கட்டு, துளை போட்டு நூல் கோத்துக் கட்டியிருந்தது. அவன் காகிதத்தைத் தேடிப் புரட்டும்போது அதற்கு இரண்டு தாள் மேலே மீனாட்சியின் சான்று இருந்தது. ஒரிஜினல். தாசில்தாரின் சீல் தெளிவாக விழுந்திருந்தது.

அந்தப் பையனை அனுப்பிவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை.

“சப்ளிமென்டரி லிஸ்ட் ஒண்ணு அனுப்பலாம். நீ பிள்ளையை வரச் சொல்லி எழுது. இது இங்க இருந்த விஷயத்தை இப்ப யார்ட்டயும் சொல்லிண்டு நடக்க வேண்டாம், கேட்டியா.”

அன்றே எழுதினேன். விதிப் புத்தகத்தையும் அன்றுதான் எடுத்துப் படித்தேன். ஒரிஜினலைப் பார்த்ததாக நகலில் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று இருந்தது. மீனாட்சியிடமிருந்து பதில் வரவில்லை. மழையில் தபால் மலைக்குப் போய்ச் சேர நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5. வராந்தாவில் ஒருவர்

ஓணம் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த வாரம். வராந்தாவில் காலையிலிருந்து ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகை கட்டியிருந்தார், தோளில் துணி மூட்டை. ப்யூன் அவரிடம், “எந்தா மூப்பா, தேன் விற்கானோ?” என்று கேட்டு, இங்கே யாருக்கும் தேன் வேண்டாம் என்று இரண்டு தடவை படியிறக்கிவிட்டிருக்கிறான். மதியச் சாயாவுக்கு நான் வெளியே வந்தபோது அவர் தமிழில் கேட்டார்.

“இங்கே தமிழ் பேசற ஒரு அக்கா உண்டாமே?”

மீனாட்சியின் அப்பா அவர். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. மூட்டையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து மடிக்காத ஒரு தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். புது ஜாதிச் சான்று.

“நீங்க கேட்ட கடலாசு. பாப்பா கொண்டாந்து குடுக்கச் சொல்லுச்சு.”

மீனாட்சி வரவில்லையா என்று கேட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். நாலு தடவை இறங்கிப் போனாளாம். நாலாவது தடவை கையெழுத்துக் கிடைத்தது. திரும்பி வரும்போது ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. இறங்கட்டும் என்று ஒரு ராத்திரி முழுக்க இக்கரையில் நனைந்து கிடந்திருக்கிறாள். காகிதம் மட்டும் நனையவில்லை. வந்து படுத்தவளுக்குக் காய்ச்சல் நிற்கவில்லை. கம்பளியில் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை உயிர் இருந்தது என்றார். நான் எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இன்வர்டு ரிஜிஸ்டரைத் திறந்து சான்றைப் பதிந்து நம்பர் போட்டேன். முதல் சான்று என் மேஜை டிராயரில் இருந்தது. அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. ஹெட் கிளார்க் சொன்னதற்காக அல்ல. பயந்துவிட்டேன்.

“சேந்திருச்சா?” என்று கேட்டார்.

“சேந்திருச்சு.”

காலியான கவரை மடித்து மூட்டைக்குள் வைத்தார். பிறகு கேட்டார். “இதுக்கு இளையது ஒண்ணு இருக்கு. ஒம்பதுல படிக்குது. அதுக்கும் இந்தக் கடலாசே போதுமா அம்மா?”

ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனிச் சான்று வேண்டும் என்பது விதி. அன்று என்னிடம் மிஞ்சியிருந்தது விதி மட்டும்தான். அதைச் சொன்னேன்.

“அப்ப அது வர வேண்டாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மீனாட்சியின் பெட்டியை ஹாஸ்டலில் வாங்கித் தரச் சொன்னார். வாங்கிக் கொடுத்து படகுத்துறை வரை கூடவே போனேன். படகு புறப்பட்டதும் ஆபீஸுக்குத் திரும்பினேன்.

6. புதிதாக வருபவர்களுக்கு

அந்த அடிக்கோட்டை அதன் பிறகு நான் போடவில்லை. ஒரு மாணவர் ‘கொடுத்துவிட்டேன்’ என்று சொன்னால் எழுந்து போய்த் தேடுவேன். கிடைக்காவிட்டால் அந்தத் தாலுகாவுக்கு நானே எழுதி, பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கி, ரிஜிஸ்டர்டு தபாலில் அனுப்புவேன். மாணவரை அனுப்புவதில்லை. சான்று வந்து சேரும்வரை ‘பின்னர் அனுப்பப்படும்’ என்று எழுதிப் பெயரை லிஸ்டில் சேர்த்துவிடுவேன். இதுவரை ஒரு லிஸ்டும் அதற்காகத் திரும்பி வரவில்லை. என் செக்ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருவது இவ்வளவுதான். உங்களிடம் நிற்கிற பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று முதலில் நினையுங்கள். மெமோவைப் பிறகு எடுங்கள்.

என் மகள் இந்த வருடம் வெளியூர் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறாள். ஆபீஸில் ஏதோ ஒரு பேப்பர் கேட்கிறார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தாள். நான் ராத்திரி பஸ் பிடித்துப் போய் நின்றேன். அங்கிருந்த கிளார்க் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். ஒரு போட்டோதான் கேட்டிருந்தார்களாம். மகளுக்குக் கோபம். இனி எதையும் எனக்கு எழுத மாட்டாளாம்.

ஒவ்வொரு ஜூனிலும் பழங்குடி லிஸ்டுக்கு வருகிற விண்ணப்பங்களில் அந்த மலைப்பக்கத்து முகவரி இருக்கிறதா என்று பார்க்கிறேன். மற்ற கல்லூரிகளில் தெரிந்தவர்களிடமும் கேட்டுவைத்திருக்கிறேன். பெண்ணின் பெயர் என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். இளையவளின் பெயரை நான் அன்று அவரிடம் கேட்கவில்லை.