ஆறு குழல் துப்பாக்கி

புனேயில் கசார்வாடியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மழை விட்டு மதிய வெயில் அடித்தது. தோளில் பை. எந்த ஊரில் எது கெட்டுப்போனாலும் நான் செய்வது இதுதான், கிளம்பிவிடுவேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். கையில் எலும்பு முறிவு என்று உள்ளேயிருந்து தெருக்காரன் ஒருவன் வந்து சொன்னான். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

உள்ளே இருந்தவர் அண்ணாச்சி. போசரியில் என்னோடு ஒரே அறை. அவர் ஒரு கம்பெனியில் டிரில்லிங் மிஷின் ஓட்டுகிறவர், நான் வெல்டர். பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடும் எங்கள் தெரு கணபதி மண்டலில் இந்த வருடம் ஆட்களே நடித்துக் காட்டும் ராணுவக் காட்சி. மீசைக்காக அண்ணாச்சியைச் சிப்பாயாக்கினார்கள். துப்பாக்கி என் பொறுப்பு.

மொபைலில் ஒரு படம் காட்டினார்கள். ஆறு குழல்கள் சுற்றிச் சுற்றிச் சுடும் எந்திரத் துப்பாக்கியை ஒருவன் இடுப்போடு பிடித்துக்கொண்டு நிற்கிறான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அது பொய் என்று தெரிந்தது. ஹெலிகாப்டரில் போல்ட் போட்டு இறுக்குகிற சாமான் அது. சுழற்ற மோட்டார், மோட்டாருக்கு பேட்டரி, கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகிற தோட்டாக்கள், அப்புறம் அது பின்னால் உதைக்கிற உதை. ஒரு ஆள் தாங்குகிற காரியமில்லை.

சுடாத பொம்மைதானே என்று ஒத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் குழாய் போதும் என்றார்கள். நான்தான் இரும்பில் செய்தேன். என் வெல்டிங்கை நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசை. சுழற்றுவதற்கு ஒரு பழைய டெம்போவின் ஸ்டார்ட்டர் மோட்டார்.

காலை ஒத்திகையில் அண்ணாச்சி அதைத் தூக்கிப் பார்த்தார். "எலேய், பொணங் கனம் கனக்கு. கையில பிடிச்சு ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தாச்சு அண்ணாச்சி."

பார்க்கவில்லை. மேசையில் பொருத்தியிருக்கும் வைஸ் இடுக்கியில் இறுக்கித்தான் ஓட்டினேன். வைஸுக்கு மணிக்கட்டு கிடையாது.

"ஏகதம் கடக்!" என்று மண்டல் தலைவர் மராத்தியில் பாராட்டிக் கைதட்டினார். அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். குழல்கள் ஒரு பக்கம் சுழல, துப்பாக்கி மொத்தமும் மறுபக்கம் திருகியது. கைப்பிடியோடு அவர் வலது கையும் திரும்பியது.

நடந்து தாபோடி பாலத்துக்கு வந்தபோது போன் அடித்தது. அண்ணாச்சி.

"எங்கலே இருக்க?"

"ரோட்டுல."

"பையத் தூக்கிட்டியோ? பஸ் ஏறுறதுக்கு முந்தி ஒண்ணு கேளு. நாளைக்கு மிஷின்ல ஆள் நிக்கலன்னா சேட் வேற ஆள வச்சிருவான். அப்புறம் எனக்கு எடம் கெடையாது. கை கூடுற வரைக்கும் நீ நில்லு. துப்பாக்கிய நான் சரியாப் பிடிக்கல, அதுக்கு நீ என்ன செய்வ?"

திட்டியிருந்தால் நடந்துகொண்டே இருந்திருப்பேன்.

"அண்ணாச்சி, நான் கையில பிடிச்சுப் பாக்கவே இல்ல. வைஸ்ல கட்டித்தான் ஓட்டுனேன்."

பாலத்து ஓரமாகப் பையை இறக்கி வைத்தேன்.

"வெளங்காத பயலே," என்றார். பிறகு, "எட்டு மணி ஷிப்ட். லேட்டாப் போவாத."

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே அவருடைய மிஷின் முன்னால் நின்றேன். எத்தனை நாளைக்கு என்று சூப்பர்வைசர் இந்தியில் கேட்டான். அவர் கை கூடும்வரை என்றேன். ஒரு பெட்டி நிறையத் தகடுகளை இழுத்து வைத்துவிட்டுப் போனான். துளை போட ஆரம்பித்தேன்.